மாறுவேடத்தில் ஒரு கறுப்பு

நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவருக்கு என்ன நோய் என்று சொல்வது எங்கள் தொழில். சொன்னது சரியாக இருந்தால் பாராட்டு ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போகும். தவறாக இருந்தால் மட்டும் எங்கள் அறை எந்த மாடியில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பயாப்சி பார்க்கும் டாக்டராக இருந்தேன். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சின்னத் துண்டு எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது இன்னது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ‘ரிசல்ட் வந்துவிட்டதா’ என்று கேட்டுக்கொண்டு நீங்களும் ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் உங்களைப் போலவே நகத்தைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த உரிமையில் இதைச் சொல்கிறேன்.

எங்களை அதிகம் ஏமாற்றியது மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் எல்லோருக்கும் உண்டு. அந்தச் செல்களில் வரும் புற்றுநோய்க்கு அப்படிப் பெயர். பிறந்த இடத்தில் அது பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், அடையாளம் சுலபம். அங்கிருந்து கிளம்பி உடம்பில் வேறோர் இடத்தில் குடியேறும்போதுதான் வம்பு. கறுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மார்புப் புற்றுநோய் மாதிரியோ கல்லீரல் புற்றுநோய் மாதிரியோ நிற்கும். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு நடுவராகப் போனவர்களுக்கு இது புரியும். போலீஸ்காரர் வேடத்தில் வந்திருப்பது யார் வீட்டுப் பையன் என்று தெரிய வேண்டுமானால் தொப்பியைப் பார்த்துப் பயனில்லை. காலில் உள்ள பழைய செருப்பைப் பார்க்க வேண்டும்.

போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த செல்லத்தாய் என்ற பெண்ணின் மார்பை எடுத்துவிட ஒரு திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி என் மேஜைக்கு வந்தது. அவளுக்கு முன்னால் வந்து எனக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போன சிலரை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் அவள் விஷயத்தில் நானும் ஏமாந்திருப்பேன்.

யாத்திரை யோகம்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரில் தேங்காய் வியாபாரம் செய்த பெரியவர் அவர். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு கட்டி. ஸ்லைடில் உருண்டை உருண்டையான செல்கள் நெருக்கியடித்து நின்றன. தொடை இடுக்கிலும் அக்குளிலும் கிருமிகளை வடிகட்டும் நிணநீர்க் கணுக்கள் உண்டு; அந்தக் கணுவிலேயே தோன்றும் புற்றுநோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் சில செல்களின் நடுவில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி பெரிய சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதுதான் நான் சொன்ன பழைய செருப்பு. மெலனோமா எந்த வேடம் போட்டாலும் அந்தப் பொட்டை அழிக்க மறந்துவிடும். வேறு சில புற்றுநோய்களும் அதே பொட்டை வைத்துக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது.

அவரை வரச்சொல்லி, “உடம்பில் எங்கேயாவது கறுப்பாக மச்சம் உண்டா?” என்று கேட்டேன். “நல்லாப் பாத்துக் கேளுங்க டாக்டரம்மா, ஒடம்பு முழுக்கக் கறுப்புதான். இதுல எந்தக் கறுப்பச் சொல்ல?” என்றார். நியாயமான பதில். எங்கள் பாடப் புத்தகங்களை எழுதியவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். அவர்களுக்கு மெலனோமா முதுகிலும் காலிலும் பளிச்சென்று தெரியும். நமக்கு அது பெரும்பாலும் தோல் வெளுத்திருக்கிற இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. பெரியவரைப் படுக்கவைத்துக் காலைத் திருப்பினேன். குதிகாலுக்குப் பக்கத்தில் காலணா அகலத்துக்கு, ஓரம் நெளிந்த கரும்படை.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அது மச்சக் கணக்குல வராதும்மா, யாத்திரை யோகம்னு ஜோசியன் சொன்னான். நான் கடையத் தொறந்து உக்காந்துட்டேன், அதான் பலிக்கல.”

பார்சல் ஆபீசில் கறுத்தது

கறுப்பைக் கண்டால் குதிக்கக் கூடாது என்பதும் பாடம்தான். எங்கள் பிரிவில் படித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் ஒருவர் ஒருநாள் ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “மேடம், மெலனோமா! கறுப்பு கொட்டிக் கிடக்கிறது!” ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கழுத்துக் கட்டி. உண்மையிலேயே புகையிலைத் தூள் தூவின மாதிரி கறுப்புத் துகள்கள். ஆனால் அவை செல்களுக்குள் இல்லை. ரத்தம் தேங்கிய இடங்களில், செல்களின் மேல் படிந்திருந்தன.

துண்டு கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். ஃபார்மலின் பழசாகிப் புளித்துவிட்டால் ரத்தத்தோடு சேர்ந்து தானாகவே ஒரு கறுப்பை உண்டாக்கும். பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்தால் அது கரைந்துபோகும். மெலனோமாவின் கறுப்பு கரையாது. ஊறவைத்தோம். கறுப்பு போன இடம் தெரியவில்லை. டீச்சருக்கு வந்தது மருந்தில் தீரக்கூடிய காசநோய்க் கட்டி.

பாட்டிலை அனுப்பிய மலையோர ஆஸ்பத்திரியை விசாரித்தோம். பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் டெக்னீஷியன் தாணு, நாகர்கோவில்காரர், தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பார்சல் ஆபீசுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாட்டில் அங்கே கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னால் யாரும் சீண்டாமல் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. இளம் டாக்டர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்துத் தாணு ஆறுதல் சொன்னார்: “விடுங்க சாரே. அந்தப் பார்சல் ஆபீசுல அத்தன நாளு கெடந்தா நானே கறுத்துப் போவேன்.”

மூடாத கண்

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவிலிருந்து வந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லீரல் வீங்கியிருந்தது. ஊசி செலுத்தி எடுத்த துண்டில் செல்கள் கல்லீரல் செல்களைப் போலவே வரிசை கட்டி நின்றன. கல்லீரலிலேயே பிறந்த புற்றுநோய் என்றுதான் யாரும் சொல்வார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொட்டு தெரிந்தது. ஒரேயொரு செல்லில் ஓரமாகக் கொஞ்சம் பழுப்புத் தூளும் தெரிந்தது.

அவர் முடிவு கேட்க மனைவியோடு வந்தார். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளங்காலையும் கையையும் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. அறைக்குள்ளும் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. மெலனோமா கண்ணுக்குள்ளும் பிறக்கும். “கண்ணில் எப்போதாவது ஆபரேஷன் நடந்ததா?” என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஒண்ணு கண்ணாடிக் கண்ணு. உள்ளே ஏதோ கறுப்பா வளர்றதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்துட்டா. ஆத்துல அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்” என்றார். அத்தனை காலம் முன்பு எடுத்த கண்ணிலிருந்து தப்பிய செல்கள் கல்லீரலில் ஒளிந்திருந்துவிட்டு இப்போது எழுந்திருக்கின்றன. அந்த நிலையில் வயிற்றைத் திறப்பதில் பயனில்லை. மீதியிருந்த நாட்களை ஆபரேஷன் மேஜையில் செலவழிக்காமல் வீட்டில் கழித்தார்.

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் மனைவி உள்ளே வந்தார். நான் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தடுமாறினேன். அவர் கையமர்த்தினார். “கண்ணைப் பத்திச் சொல்லியிருப்பார். தூங்கறச்சே அது மட்டும் மூடாதுன்னு கல்யாணமான மறுநாளே பார்த்துட்டேன். அவருக்குச் சங்கடமா இருக்கப்படாதேன்னு இத்தனை வருஷமா கேக்கலை.”

போனக்காட்டுக் கட்டி

இனி செல்லத்தாய். முப்பதைத் தாண்டிய வயது, இரண்டு பிள்ளைகள். கொழுந்து கிள்ளும் வேலை. வலது அக்குளில் கட்டி. அறுவை சிகிச்சை நிபுணர் கோபிநாதன் சார் கட்டியில் ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருந்தார். அந்த வயதுப் பெண்ணுக்கு அக்குளில் கட்டி வந்தால் முதல் சந்தேகம் அதே பக்கத்து மார்பின் மேல்தான். மார்பில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்துவிடாது. கடுகளவு புற்றுநோய் உள்ளே ஒளிந்துகொண்டு அக்குளுக்கு மட்டும் ஆளனுப்புவது உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் மார்பை எடுத்துவிடுவார்கள்.

ஸ்லைடும் கோபிநாதன் சார் பக்கம்தான் பேசியது. செல்கள் வட்டம் வட்டமாக, பால் சுரப்பியைப் போல நடுவில் வெற்றிடம் விட்டு அமர்ந்திருந்தன. பொட்டு இருந்தது, ஆனால் மார்புப் புற்றுநோயிலும் பொட்டு இருக்கும். என்னைத் தயங்கவைத்தது வேறொன்று. கணுவின் ஓரத்தில், புற்றுநோய் இன்னும் தொடாத பகுதியில், கறுப்புக் கட்டிகள். ஃபார்மலின் புதியது, அதைத் தாணுவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பிக்ரிக் அமிலத்தில் ஊறவைத்தும் கறுப்பு போகவில்லை.

கோபிநாதன் சாரிடம் போய், “மெலனோமாவாக இருக்கலாம், ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்” என்றேன். அவர் நல்ல கைராசிக்காரர், நல்ல மனிதர், அதைவிட நல்ல கேலிக்காரர். என்னைக் கையோடு வார்டு வாசலுக்குக் கூட்டிப்போய்த் தூரத்தில் படுத்திருந்த செல்லத்தாயின் வலது முன்கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோலமும் புள்ளியுமாகப் பச்சை குத்தியிருந்தது. பச்சை குத்திய மையில் ஒரு பங்கு அக்குள் கணுவுக்குப் போய்ச் சேருவது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். “எந்தா டாக்டரே, அவளோட அம்மா ஆசையா குத்திவிட்ட கோலத்தையா மெலனோமான்னு எழுதப் போறீங்க?”

பச்சையும் கறுப்பும்

அவமானம்தான். ஆனால் மெலனோமாவும் பச்சையும் ஒரே கணுவில் இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. ஓரத்துக் கறுப்பு பச்சையின் மை என்றே இருக்கட்டும். புற்றுநோய்ச் செல்லுக்குள்ளே கறுப்பு உண்டா என்பதுதான் கேள்வி. சாதாரணச் சாயத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்கு வெள்ளிச் சாயம் என்று ஒன்று உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளுக்கு மெலனின் என்று பெயர்; கண்ணுக்குத் தெரியாத மெலனின் துகளைக்கூட வெள்ளி போய்ப் பற்றிக்கொண்டு கறுப்பாகக் காட்டும். பாத்திரத்தில் துளி அழுக்கு இருந்தாலும் வெள்ளி அதையும் பற்றிக்கொண்டு கறுத்துவிடும். தாணு கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிய விதத்தைப் பார்த்தால் சுசீந்திரம் கோயில் மடப்பள்ளி நினைவுக்கு வரும். அடுத்தடுத்துச் சீவிய இரண்டு துண்டுகளை எடுத்தோம். ஒன்றை அப்படியே வெள்ளிச் சாயத்தில் இட்டோம். மற்றதை முதலில் பெர்மாங்கனேட்டில் வெளுத்துவிட்டு அதன்பிறகு சாயத்தில் இட்டோம். மெலனின் வெளுக்கும். பச்சையின் மை வெறும் கரி. எத்தனை வெளுத்தாலும் கரி கரிதான்.

முதல் ஸ்லைடில் புற்றுநோய்ச் செல்களுக்குள் மாவு சலித்த மாதிரி மெல்லிய கறுப்புத் தூள். வெளுத்த ஸ்லைடில் அந்தத் தூள் காணாமல் போயிருந்தது. ஓரத்துக் கறுப்புக் கட்டிகளோ இரண்டிலும் அசையாமல் இருந்தன. ஆக, பச்சையும் உண்டு, மெலனோமாவும் உண்டு. இரண்டு ஸ்லைடையும் கோபிநாதன் சாரிடம் காட்டினேன். மாறிமாறி வெகுநேரம் பார்த்தார். இந்தமுறை கேலி செய்யவில்லை. “சரி, சம்மதிச்சேன். ஆனா பிறந்த இடம் எங்கே? காலு பாத்தாச்சு, கண்ணு பாத்தாச்சு, தலைமுடி விலக்கியும் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. பிறந்த வீட்டைக் காட்டுங்க, மார்பை விட்டுடறேன். காட்டலேன்னா திங்களாழ்ச்ச ஆபரேஷன் ஆபரேஷன்தான், கேட்டோ.”

ஆஸ்பத்திரி டீ

அவர் கேட்டதில் தவறில்லை. ஸ்லைடைப் பார்ப்பவள் நான். கத்தியைப் பிடிப்பவர் அவர். எங்கள் தொழிலில் வார்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. போனால் நர்ஸ்கள், வழி தவறி வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

செல்லத்தாய் கட்டிலில் உட்கார்ந்து டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பேச்சிமுத்து கீழே உட்கார்ந்திருந்தான். நான் யார் என்று சொன்னதும் அவள் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். “டாக்டரம்மா, இது டீயா? பேக்டரியில கடைசியா கூட்டி அள்ளுவாங்களே, அந்தத் தூளு. அத ரெண்டு தடவ கொதிக்கவச்சுக் குடுக்கிறாங்க. நோயில சாகாதவங்களையும் இது கொன்னுரும்.” பேச்சிமுத்து, “சும்மா இரு தாயி, வஞ்சிட்டுப் போயிரப் போறாங்க” என்றான்.

நான் டம்ளரைப் பார்த்தேன். டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரல்கள் இலைச் சாறு ஏறிக் கறுத்திருக்கும். அவள் வந்து சேர்ந்த அன்றும் பத்து விரலும் கறுப்பாகத்தான் இருந்தன என்று நர்ஸ் சொன்னாள். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் காரணம் தெரியும், யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து வாரக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்ததில் கறை உரிந்து விரல்கள் வெளுத்துவிட்டன. வலது கைப் பெருவிரல் நகம் மட்டும் வெளுக்கவில்லை. நகம் முழுக்கக் கறுப்பு. நகத்தின் அடியைத் தாண்டித் தோலிலும் மை கசிந்த மாதிரி ஒரு நிழல்.

“இது மட்டும் ஏன் போகவில்லை, செல்லத்தாயி?” என்று கேட்டேன். மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் நகத்தில் நெடுக்க ஒரு கோடு மாதிரி வந்ததாம். பிறகு பரவியதாம். புளி போட்டுத் தேய்த்தாளாம், எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தாளாம். அவளிடம் அதற்குக் காரணம் தயாராக இருந்தது. அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கே ஒரு நிமிடம் ஆயிற்று. “கொழுந்துக் கறைதாம்மா. பத்து வெரல்லயும் இதுதான அதிகமா ஒழைக்குது? ஒழைக்கிற வெரல்ல கறை நிக்கத்தான செய்யும்.”

எதை வைத்துக் கிள்ளுவது

அன்றே கோபிநாதன் சார் நகத்தின் ஓரத்திலிருந்து அரிசியளவு துண்டு எடுத்துத் தந்தார். இந்தத் துண்டுக்கு வெள்ளிச் சாயம் தேவைப்படவே இல்லை. பிறந்த வீட்டில் மெலனோமா வேடம் போட்டுக்கொள்வதில்லை. அச்சு அசல் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. கோபிநாதன் சார் மார்பு ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு, பெருவிரலையும் அக்குள் கணுக்களையும் எடுக்க நாள் குறித்தார். “தமிழ்ல விவரமா நீங்களே சொல்லிடுங்க, டாக்டரே” என்று என்னை அனுப்பிவைத்தார்.

நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்ற நினைப்பில் போனேன். மார்பை எடுக்க வேண்டாம், பெருவிரலையும் அக்குள் கணுக்களையும் எடுத்தால் போதும் என்று சொன்னேன். பேச்சிமுத்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். செல்லத்தாய் கும்பிடவில்லை. விரலை விட்டுவைத்தால் நோய் அங்கிருந்து இன்னும் கிளம்பும், உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டாள். “முடியாதும்மா” என்றாள்.

அவளுடைய கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது. எஸ்டேட்டில் நிரந்தர ஆள் அவள்தான்; பேச்சிமுத்துவோ, கூப்பிட்டால் போகிற தற்காலிக ஆள். அவளுக்கு வேலை இருக்கும் வரைதான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு. கிள்ளுகிற கை போனால் வேலை போகும், வேலை போனால் நான்கு பேரும் தெருவில். மார்பை எடுப்பதற்கு அவள் மனசைத் தயார்செய்து வைத்திருந்தாள். விரலுக்குத் தயாராக இல்லை. பேச்சிமுத்து கெஞ்சினான், நர்ஸ் அதட்டினாள். அவள் என்னை மட்டும் பார்த்துப் பேசினாள். “மார எடுத்தீங்கன்னா முந்தானைய இழுத்துவிட்டுக்கிட்டு மலைக்குப் போயிருவேன். பெருவெரல எடுத்துட்டா எத வச்சுக் கொழுந்து கிள்ளுறது? அத மொதல்ல சொல்லுங்க.”

குரோட்டன்ஸ் வேலி

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நர்ஸ் சொன்னாள். கோபிநாதன் சார் தினமும் அவள் கட்டிலருகே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை நான் ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது ஒரே கூச்சல். ஆஸ்பத்திரி முகப்பில் இடுப்பளவு உயரத்தில் குரோட்டன்ஸ் வேலி உண்டு. அதன் முன்னால் செல்லத்தாய் நின்றுகொண்டிருந்தாள். காயத்துக்குக் கட்டும் துணியை நீளமாகக் கிழித்து வலது பெருவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் துளிரைப் பிடித்து, மணிக்கட்டைச் சின்னதாக ஒரு திருப்பு. துளிர் வந்துவிட்டது. கை நிறைந்ததும் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் வீசினாள். முதுகில் கூடை இல்லை. இலைகள் அவளுக்குப் பின்னால் மண்ணில் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தன. வேலியின் ஒரு பக்கம் கத்தரித்தது மாதிரி ஒரே மட்டமாக இருந்தது. தோட்டக்காரர் தலையில் கைவைத்துக் கத்தினார்: “எடீ, அது தேயிலையல்ல! சூப்பிரண்டு சாரோட குரோட்டனாக்கும்!”

கோபிநாதன் சார் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். தோட்டக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் கிள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் மெதுவாகத்தான் வந்தது. சில துளிர்கள் நசுங்கின. போகப்போக வேகம் பிடித்தது. இடது கையையும் சேர்த்துக்கொண்டாள். வேலி முடிகிற இடத்தில் நிறுத்தினாள். கட்டை அவிழ்த்துப் பெருவிரலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரிடமும் சொன்னாள்: “பரவால்ல, ரெண்டு வெரலுக்கும் வேல தெரியுது. இத எடுத்துக்குங்க.”

தூள் பொட்டலம்

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அக்குளில் எடுத்த மற்றக் கணுக்களை ஒன்றுவிடாமல் சீவிப் பார்த்தேன். பச்சையின் மை இருந்தது, மெலனோமா இல்லை. இதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத நோய் இது. அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கையைத் தலைக்கு மேல் தூக்கப் பழகுவதற்கே அவளுக்கு வெகுநாள் பிடித்தது. அதன்பிறகு வேலைக்குப் போனாள். ஆரம்பத்தில் கூடையின் எடை மற்றவர்களைவிடக் குறைந்தது. பிறகு குறையவில்லை என்று பேச்சிமுத்து சொன்னான். அவன் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

சொன்ன தேதிகளில் தவறாமல் செக்கப்புக்கு வந்தாள். நான் அங்கிருந்து மாற்றலாகிப் போகும் வரை, பல வருஷம், வந்துகொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் கோபிநாதன் சார் அக்குளை அழுத்திப் பார்ப்பார். “ஒண்ணுமில்ல, போயிட்டு வா” என்பார். அவள் நேரே எங்கள் மாடிக்கு ஏறிவருவாள். பழைய பேப்பரில் மடித்த தேயிலைத் தூள் பொட்டலம் ஒன்றை மேஜையில் வைப்பாள். தாணு உடனே ஸ்டவ்வைப் பற்றவைப்பார். அதற்கென்று ஒரு பாத்திரத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்திருந்தார்.

ஒருமுறை அவளைக் கேட்டேன், எஸ்டேட்டில் யாராவது விரலைப் பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்று. அவள் டம்ளரை இரண்டு விரலால் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள். “கங்காணி கேட்டாரும்மா, பெருவெரல் இல்லாம கிள்ளுறதுக்கு எங்க படிச்சேன்னு. டவுன் ஆஸ்பத்திரியில ரெண்டு பெரிய டாக்டருங்க பக்கத்துல நின்னு ட்ரெய்னிங் குடுத்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க.”

ஆகவே ரிசல்ட்டுக்காகப் பெஞ்சில் காத்திருக்கும் அன்பர்களே, தாமதமானால் எங்களைத் தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் திட்ட வருவதற்கு முன் கைகால்களை ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, போகாத கறை ஏதாவது இருந்தால் அதையும் கையோடு காட்டிவிட்டுத் திட்டுங்கள்.